நேட்டால் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடியதில் எது உதவியது, எது உதவவில்லை

எங்கள் கொள்ளுத்தாத்தா போளூர்ப் பக்கத்திலிருந்து, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த என் தாத்தாவையும் ஊரில் விட்டுவிட்டுப் போனார், திரும்பவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். சில வருடங்களாக இணையத்தில் தேடி அவர் புதைக்கப்பட்ட இடம் வரை வந்துவிட்டேன். இதே தேடலில் இருப்பவர்களுக்காக, பயன்படுத்தியவற்றைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன்.

முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16 அன்று. 1911-ல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். இத்தனை பேருக்கும் தனித்தனியாக ஒரு எண் உண்டு. காலனி எண் என்பார்கள்.

தேடலில் உயிர்நாடி அந்த எண்தான். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களைத் தேடும் வகையில் தொகுத்து வைத்திருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போனால் மூச்சு முட்டும். முனுசாமி என்று தேடினால் முன்சாமி, மூன்சாமி, மூனசாமி என்று காதில் விழுந்தபடி எழுதிய வரிகள் வந்துகொண்டே இருக்கும். நான் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, வட ஆற்காடு ஜில்லா, அப்பா பெயர், உத்தேச வயது என்று வடிகட்டினேன். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தை அங்கே தேடிப் பிரயோஜனமில்லை. அப்போது போளூர் வட ஆற்காட்டில் இருந்தது. கிராமத்தின் பெயரைச் சிதைத்திருந்தார்கள், ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் எங்கள் ஊர்தான். "வலது முழங்காலில் தழும்பு" என்று இருந்தது. அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லாத வீட்டில் இந்தத் தழும்பைப் பற்றி ஒரு வாரம் பேசினோம்.

எண் கிடைத்தபின் அடுத்த இடம் தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலான நாய்ர்ஸ். பார்க்கப் பழங்காலத்துத் தளம். உறவினர்கள் தேடுவார்கள் என்று நினைத்துச் செய்ததில்லை. நேட்டால் காப்பகத்துக்கு என்ஏபி என்ற குறியீட்டைத் தேர்வு செய்ய வேண்டும். இந்தியக் குடியேற்றக் கோப்புகள் ஐஐ என்ற தலைப்பில் இருக்கின்றன. கோப்பின் பெயரும் எண்ணும்தான் திரையில் வரும். உள்ளே இருக்கும் காகிதத்தைப் பார்க்க அந்தக் காப்பகம் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போக வேண்டும், அல்லது அங்கே யாரையாவது அமர்த்த வேண்டும். நான் அமர்த்திய முதல் ஆள் முன்பணம் வாங்கியதோடு சரி. இரண்டாமவர் நகலை அனுப்பிவிட்டுத்தான் பணமே கேட்டார்.

நான் அதிகம் பயன்படுத்தியது ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம். கணக்கு இலவசம். நேட்டால் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும் இறந்தவர்களின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகளும் படங்களாகவே இருக்கின்றன. எல்லாப் படமும் வீட்டிலிருந்து திறக்காது; காப்பகங்களோடு உள்ள ஒப்பந்தப்படி சிலவற்றை ஃபேமிலிசர்ச் மையத்துக்கு நேரில் போய்த்தான் பார்க்க முடியும். சொத்துக் கோப்பில் முதலில் தேட வேண்டியது இறப்பு அறிவிப்பு என்ற படிவம். இறந்தவரின் பெற்றோர், பிறந்த ஊர், தொழில், மனைவி, பிள்ளைகள் எல்லாம் அதில் உண்டு. எங்களவர் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டிருக்கிறார். சொத்து என்று மரமும் தகரமும் வைத்துக் கட்டிய ஒரு வீடு. மனைவி என்ற இடத்தில் எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர் இல்லை. வேறொரு பெயர், நான்கு பிள்ளைகள். படிவத்தின் கீழே மூத்த மகன் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். அத்தை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அங்கேயாவது நல்லா இருந்தாரே" என்றார்.

புதைத்த இடத்தைக் காட்டியது வேறொரு காகிதம். 1920களில் வந்த இறப்புத் தகவல் படிவத்தில், எங்கே அடக்கம் செய்யப் போகிறார்கள் என்பதற்கு ஒரு இடம் உண்டு. அதில் ஒரு தோட்டத்தின் சுடுகாட்டைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

கல்லறைத் தளங்கள் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது. ஃபைண்ட் எ கிரேவில் அந்தப் பக்கத்துத் தன்னார்வலரிடம் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பில்லியன்கிரேவ்ஸ் ஒவ்வொரு கல்லுக்கும் ஜிபிஎஸ் புள்ளி வைக்கும். இரண்டுமே நன்றாகச் செய்யப்பட்டவை. ஆனால் கல் இருந்தால்தானே படம்? தில்லையாடி வள்ளியம்மைக்கு ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபான்டெய்னில் 1914-ல் காந்தியே நினைவுக்கல் திறந்து வைத்தார். தோட்டத்தில் செத்தவருக்கு யார் கல் வைப்பார்கள்? மண்மேடு, சில செங்கல், அதன் மேல் கரும்பு. இறந்தவர் பெயரைப் போட்டாலே கல்லறை வந்து நிற்கும் என்று விளம்பரம் செய்த ஒரு கட்டணத் தளத்தில் ஒரு வருடச் சந்தா கட்டினேன். நேட்டால் இந்தியர்களைப் பொறுத்தவரை அதில் இலவசத் தளங்களைத் தாண்டி எதுவும் இல்லை.

நகராட்சி மயானத்தில் அடக்கம் ஆகியிருந்தால் கதை வேறு. அங்கே அடக்கப் பதிவேடு இருக்கும், கல் இல்லாவிட்டாலும் குழி எண்ணைக் கேட்கலாம். தோட்டத்துச் சுடுகாடு என்றால் அந்த ஊர் மாரியம்மன் கோயிலில் விசாரிப்பதுதான் வழி. எங்களுக்கும் இடத்தைக் காட்டியது ஒரு கோயில் நிர்வாகிதான். கரும்புக்கு நடுவே நாலு மரம் நிற்கும் ஒரு மேட்டை வீடியோ எடுத்து அனுப்பினார். அதில் எந்த மேடு அவருடையது என்று சொல்ல ஆள் இல்லை.

இறந்த தேதி கைக்கு வந்ததும் ஊர் ஐயர் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் திதி கணித்துக் கொடுத்தார். சித்தப்பாதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் மகாளய அமாவாசைக்கு வந்தவருக்கு இப்போது மட்டும் என்ன தனித் தேதி என்கிறார்.