டிஸ்க் கால்ஃப்: நாலு வருஷத்துக்குப் பிறகு பையில் மிஞ்சிய தட்டுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கால்ஃபுக்கென்று நான் வாங்கிய முதல் தட்டு இன்னோவா கம்பெனியின் டெஸ்ட்ராயர். யாரிடமும் கேட்கவில்லை. பெயர் பிடித்திருந்தது, விளிம்பு அரிவாள் மாதிரி இருந்தது, வீடியோக்களில் 400 அடி தாண்டிப் போனது, வேறென்ன வேண்டும்? அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மச்சானின் பெட்டியில் அதற்கு ஒரு மூலை பிடித்துக் கொடுத்தேன். பெசன்ட் நகர் கடற்கரையில் நாலைந்து வருஷம் அல்டிமேட் என்ற ஃப்ரிஸ்பி குழு ஆட்டம் ஆடியவன், 175 கிராம் ஃப்ரிஸ்பியைக் கடல்காற்றில் நேராக அனுப்பத் தெரிந்தவன், எனக்கு இதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்ற திமிர் வேறு. வேலை மாறி பெங்களூரு வந்த பிறகு, ஹொசகோட்டே போகிற வழியில் வீடு எழும்பாமல் சைட் சைட்டாகக் கிடக்கும் ஒரு லேஅவுட்டில் அதை எறிந்து பார்த்தேன். 150 அடி போனது, அதிலும் கடைசி 50 அடி இடது பக்கமாக. நேராகப் போய் பார்த்தீனியச் செடிக்குள் சொருகிக்கொண்டது. அடுத்த வீச்சும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்குள் பதினோரு தட்டு வாங்கியாயிற்று. மூன்று தொலைந்தன, ஒன்றைத் தெருநாய் கடித்துக் குதறியது, இரண்டை அலுவலகத்தில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அப்படி வாங்கிப்போன ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: எறியும் முறை சரியாக வரணும்னா எதில் ஆரம்பிக்கலாம்? அவர்களுக்கு டீக்கடையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: கால்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, குறைந்த வீச்சில் உள்ளே போடணும். என்னிடம் கூடை கிடையாது, லேஅவுட் முனையில் நிற்கும் புங்க மரம்தான் கூடை.

தட்டுகளுக்கு நாலு எண் உண்டு, பெரும்பாலும் முகத்திலேயே அச்சடித்திருப்பார்கள்: ஸ்பீடு, கிளைடு (மிதக்கும் குணம்), டர்ன், ஃபேடு (இந்த ரெண்டும் பக்கவாட்டில் சாயும் குணம்). டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. அந்த 12-ஐ நான் தட்டின் வேகம் என்று படித்தேன். உண்மையில் அது தட்டு நமக்குப் போடும் கண்டிஷன்: இவ்வளவு வேகமாக நீ எறிந்தால்தான் நான் ஒழுங்காகப் பறப்பேன். அந்த வேகம் என் கையில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

வேகம் இல்லாவிட்டால் ஏன் இடது பக்கம் சாய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாயிற்று. வலது கையால் பின்கை வீச்சில் எறிந்தால், மேலிருந்து பார்க்கத் தட்டு கடிகார முள் திசையில் சுழலும். காற்று அதைத் தூக்கிப் பிடிக்கும் இடம் சரியாக நடுவில் இருப்பதில்லை. வேகமாகப் போகையில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும், வேகம் குறையக் குறைய முன்னால் வரும். சுழலாத தட்டு என்றால் மூக்கை, அதாவது முன் விளிம்பை, கீழே குத்தும், இல்லாவிட்டால் நிமிரும். சுழல்வதால், தலையில் தட்டிய பம்பரம் தட்டிய பக்கம் போகாமல் வேறு பக்கம் சாய்கிற மாதிரி, இது பக்கவாட்டில் சாய்கிறது. வேகமாக இருக்கும்போது வலது பக்கம், அதுதான் டர்ன். மெதுவான பிறகு இடது பக்கம், அதுதான் ஃபேடு. என் டெஸ்ட்ராயர் கையை விட்டுக் கிளம்பும்போதே அதன் கணக்குப்படி மெதுவாகத்தான் இருந்தது, அதனால் டர்ன் என்ற கட்டமே வராமல் நேராக ஃபேடுக்குப் போய்விட்டது.

சரி, தூரம் போகாததுகூடப் பரவாயில்லை. அந்த இடது சாய்வைத் தவிர்க்க என் உடம்பு தானாகக் கண்டுபிடித்த குறுக்குவழிகள்தான் ஆபத்து. தட்டின் வெளி விளிம்பைத் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்தேன். விடும் நொடியில் மணிக்கட்டை முறுக்கினேன், முதுகைப் பின்னால் சாய்த்தேன், காலும் இடுப்பும் சும்மா நிற்க வெறும் கையை மட்டும் சாட்டை மாதிரி சுழற்றினேன். பத்தில் ஒன்று தற்செயலாக நேராகப் போகும், உடனே அதுதான் சரியான முறை என்று மனசு பதிந்துகொள்ளும். எட்டு மாதம் இப்படியே. கடைசியில் முழங்கையின் வெளிப்புறம் வலி எடுத்து, காப்பி டம்ளரைத் தூக்கக்கூட இடது கையைத் தேடும் நிலை வந்தது. ஐந்து மாதம் எதையும் தொடவில்லை.

திரும்பி வந்தபோது கையில் இருந்தது இன்னோவா ஏவியார், ஒரு பட்டர். (வீட்டில் இந்தச் சொல்லைச் சொன்னால் ஃப்ரிட்ஜைக் காட்டுகிறார்கள், ஊரில் அம்மாவிடம் சொன்னால் எந்தக் கோயில் பட்டர் என்கிறார்.) பட்டர் என்பது கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுவதற்கான தட்டு, எண்கள் 2, 3, 0, 1. விளிம்பின் அகலம் டெஸ்ட்ராயரில் 2.2 சென்டிமீட்டர், இதில் 0.9 தான். மழுங்கலாக, தடியாக, பார்க்க சுமாராக இருக்கும். முழங்கைக்கு இதம் என்றுதான் எடுத்தேன். லேஅவுட் வாட்ச்மேன் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெரியவர், தினமும் காலையில் பீடியோடு கல் மேல் உட்கார்ந்து நான் எறிவதைப் பார்ப்பார். ரெண்டு தட்டையும் மாறி மாறி ஒரு மணி நேரம் எறிந்த பிறகு கூப்பிட்டுச் சொன்னார்: “அந்த மெலிசுத் தட்டு நீ என்னா முக்குனாலும் அது போற பக்கந்தான் போவுது தம்பி. இந்தத் தடித்தட்டுதான் சொன்ன பேச்சு கேக்குது.” காலடி வைத்து அளந்து பார்த்தேன். டெஸ்ட்ராயர் 155 அடி, ஏவியார் 160.

அந்த “சொன்ன பேச்சு” விஷயத்தில்தான் மொத்தமும் இருக்கிறது. டர்ன் பூஜ்யம், ஃபேடு 1 என்றால் தட்டுக்கு சொந்த அபிப்பிராயம் அதிகம் இல்லை என்று அர்த்தம், நாம் எப்படி விட்டோமோ அப்படியே போகும். கிளம்பியதும் தட்டு தடதடவென்று குலுங்கினால் மணிக்கட்டை முறுக்கியிருக்கிறேன். பட்டம் மாதிரி மேலே ஏறி நின்று, பிறகு செத்துப்போய் இடது பக்கம் விழுந்தால் மூக்கைத் தூக்கி விட்டிருக்கிறேன். வலது பக்கம் வெகுதூரம் ஓடினால் விரலை விட லேட். ஓவர்ஸ்டேபிள் தட்டில், அதாவது இடது பக்கம் இழுக்கும் குணம் அதிகமுள்ள தட்டில், இந்தத் தப்பு எதைச் செய்தாலும் கடைசியில் பார்த்தீனியச் செடிதான், எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதில் ஒவ்வொரு தப்புக்கும் தனித்தனிக் கையெழுத்து.

எல்லாத் தப்பையும் தட்டே சொல்லிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கூட்டிப்போய், செல்போனில் ஸ்லோமோஷனில் பின்னாலிருந்து எடுக்கச் சொன்னேன். அவருக்கு இந்த விளையாட்டில் துளி ஆர்வம் கிடையாது. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, தட்டு நெஞ்சுக்கு நேரா வரலை. உங்களைப் பிரதட்சணம் பண்ணிட்டு வருது” என்றார். ஆடுகிறவர்கள் இதற்கு ரவுண்டிங் என்கிறார்கள்: முழங்கை நெஞ்சோடு ஒட்டி மடங்கிப்போய், தட்டு நேர்கோட்டில் வராமல் உடம்பைச் சுற்றி வருவது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பிரதட்சணம்தான். அதைச் சரி செய்ய, எறிவதற்கு முன் ஓடிவருவதை மொத்தமாக நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே எறிந்தேன். மேல்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு ஃபுட்பால் அடங்கும் இடைவெளி, முன்கால் ஊன்றிய பிறகே இடுப்பு, அதற்குப் பிறகே தோள், முழங்கை கடைசியில். மூக்கு தூக்கும் தப்பைச் சரி செய்ய, பூட்டில் சாவி திருப்புவது போல மணிக்கட்டை லேசாகத் திருப்பிப் பிடிக்கும் பழக்கம் கைகொடுத்தது. ஒரே ஏவியாரில் நாலு வாங்கி வைத்துக்கொண்டேன், நாலையும் எறிந்துவிட்டு நடந்துபோய்ப் பொறுக்கி, அங்கிருந்து திரும்ப எறிவது. ஒரு காலைக்கு நாற்பது, ஐம்பது வீச்சு, அதற்கு மேல் கை சோர்ந்து பழைய புத்தி வந்துவிடும். ஒன்பது மாதத்தில் 160 என்பது 210 ஆனது, இப்போது நல்ல நாளில் 230.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். எட் ஹெட்ரிக் கலிஃபோர்னியாவில் 1975-ல் முதல் நிரந்தர மைதானத்தைப் போட்ட காலத்தில் எல்லாருக்கும் கையில் மழுங்கல் விளிம்பு ஃப்ரிஸ்பிதான். விளிம்பைச் சரிவாக வெட்டிய தட்டு 1983-ல் இன்னோவா கொண்டுவந்த பிறகுதான் வருகிறது. அதற்கு முந்தின தலைமுறை முழுக்க மெதுவான தட்டில்தான் கை பழகியது. நான் மட்டும் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறேன்.

ஏவியார் 200 அடி தாண்டிய பிறகு வாங்கியது இன்னோவா லெப்பர்ட், ஃபேர்வே டிரைவர், அதாவது பட்டரை விட வேகமான, டெஸ்ட்ராயரை விட மெதுவான வகை, 6, 5, -2, 1. வலது பக்கம் திரும்பும் குணம் கொஞ்சம் கூடுதலாக உள்ள, அண்டர்ஸ்டேபிள் என்று சொல்லும் வகை. என் வேகத்துக்கு ஆரம்பத்தில் ஆணி அடித்த மாதிரி நேராகப் போனது. வேகம் கூடியபோது வலது பக்கம் புரள ஆரம்பித்தது. இங்கே ஒரு குழப்பம் வரும், புரள்வது என் வேகத்தாலா, மணிக்கட்டு முறுக்கு திரும்பி வந்துவிட்டதாலா? வெளி விளிம்பைத் தாழ்த்தி, அதாவது ஹைசரில் விட்டுப் பார்க்கணும். தட்டு அமைதியாக நிமிர்ந்து மட்டமாகி நேராக ஓடினால் வீச்சு சுத்தம். குலுங்கிக்கொண்டே புரண்டால் மறுபடி ஏவியாருக்குப் போக வேண்டியதுதான். எனக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்தத் தண்டனை உண்டு.

லெப்பர்டில் ஒரு எரிச்சலும் நடந்தது. 165 கிராம் கேட்டு ஆர்டர் போட்டேன், ஒரு கடைக்காரர் 150 கிராமை அனுப்பிவிட்டு, திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது என்றார். வைத்துக்கொண்டேன். காற்றில்லாத விடியற்காலையில் அருமையான தட்டு, லேசாக இருப்பதால் கைக்கு சிரமமே இல்லாமல் வேகம் கிடைக்கிறது. ஆனால் ஜூன், ஜூலையில் பெங்களூருக் காற்று தெரியுமே. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 150 கிராம் பிளாஸ்டிக் எம்மாத்திரம். எதிர்காற்றில் எந்தத் தட்டும் வலது பக்கம் கூடுதலாகப் புரளும், லேசான தட்டு சுருண்டே போய்விடும். அந்த ரெண்டு மாதமும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு 170-க்கு மேல் உள்ள பட்டரை மட்டும் எடுத்துப் போகிறேன்.

நடுவில் டிஸ்கிராஃப்ட் பஸ் என்ற மிட்ரேஞ்சும், அதாவது பட்டருக்கும் டிரைவருக்கும் இடைப்பட்ட தட்டும், வாங்கினேன், 5, 4, -1, 1. நல்ல தட்டுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பழகுவதற்கு இது இல்லாமலும் முடியும் என்பேன்.

பிளாஸ்டிக் பற்றிக் கட்டாயம் சொல்லணும். இன்னோவாவில் விலை குறைந்தது டிஎக்ஸ், கைக்குப் பிடிப்பாக இருக்கும், சீக்கிரம் தேயும். கண்ணாடி மாதிரி இருக்கும் சாம்பியன் ரொம்ப நாள் உழைக்கும், பனி ஈரத்தில் எனக்கு வழுக்குகிறது. நம்ம லேஅவுட் சரளையில் டிஎக்ஸ் விளிம்பு ஆறு மாதத்தில் எலி கறம்பின தேங்காய் மூடி மாதிரி ஆகிவிடும். தேயத் தேய வலது பக்கம் திரும்பும் குணம் கூடும் என்பதால், ஒன்றரை வருஷம் கழித்துத் தட்டு புரண்டால் உங்கள் மீது சந்தேகப்படுவதற்கு முன்னால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வெயிலில் காருக்குள் போட்டுவைத்து ஒன்று வளைந்தும் போனது.

நிறம்? பச்சை வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். சிவப்பும் வேண்டாம், செம்மண்ணில் காலடியில் கிடந்தாலும் தெரியாது. தொலைந்த மூன்றில் ரெண்டு சிவப்பு. பளீர் ரோஸ்தான் இதுவரை ஏமாற்றாத நிறம்.

பொங்கலுக்கு ஊர் போனபோது இதே தட்டுகளை பெசன்ட் நகருக்கு எடுத்துப் போனேன். பெங்களூரில் நேராகப் போகிற லெப்பர்ட் அங்கே கடல் பார்த்து எறிந்தால் வலது பக்கம் புரண்டது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று கொஞ்சம் மெலிது, அதனால் டர்ன் குறைவாகத் தெரியும். சென்னையில் காற்று அடர்த்தி, கூடவே முகத்தில் அடிக்கும் கடல்காற்று. முதல் நாள் என் வீச்சு கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன், ஏவியாரை எடுத்து நாலு எறிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

டெஸ்ட்ராயர் இன்னும் இருக்கிறது. போன மாதம் எடுத்து எறிந்தேன், 270 அடி போய், கடைசியில் அதே இடது, அதே பார்த்தீனியம். லெப்பர்ட் 280 போகிறது. நாலு ஏவியாரில் மூத்தது தேய்ந்து தேய்ந்து இப்போது தானாகவே வலது பக்கம் வளைகிறது. அதற்குப் பதிலாகப் புதுசு ஒன்று வாங்கிவிட்டேன், அதே எடை, ரோஸ் நிறம். பழசைத் தூக்கிப் போட்டுவிட மனசில்லை. லேஅவுட்டின் வலது மூலையில் புதுசாக ஒரு வீடு எழும்புகிறது, புங்க மரத்துக்கு அதைச் சுற்றித்தான் போகணும், அந்த வளைவு வீச்சுக்கு மட்டும் இனி அதுதான்.