ஆறு கோடைக்குப் பிறகு: எங்கள் ஜெட் போட்டில் நான் மாற்ற நினைப்பவை

எங்கள் ஜெட் போட்டை முதன்முதலில் பார்த்தது ஒரு ஜனவரி மாதம், ரொறன்ரோவில் நடக்கும் படகுக் கண்காட்சியில். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கம்பளத்தின் மேல், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல், பளபளவென்று நின்றது படகு. பின்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்த மகள் இறங்க மாட்டேன் என்றாள். விற்பனையாளர் பாட்டை உரக்க வைத்தார். குவளை வைக்கும் குழிகளுக்குள் நீல விளக்கு எரிந்தது. நான் கையெழுத்து வைத்துவிட்டேன்.

இப்போது ஆறு கோடை முடிந்துவிட்டது. 19 அடிப் படகு, ஒற்றை எஞ்சின், 1.8 லீற்றர். மீற்றரில் 310 மணித்தியாலம் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் சிம்கோ ஏரி, இடைக்கிடை கவார்த்தா ஏரிகள். கம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேறு கம்பனிப் படகு வைத்திருக்கும் நண்பர்களும் ஏறத்தாழ இதே குறைகளைத்தான் சொல்கிறார்கள். படகை வரைகிறவர்கள் அந்தக் கம்பளத்தையே மனதில் வைத்து வரைகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நாங்கள் ஜெட் வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான்: வெளியே புரொப்பெல்லர் இல்லை. பிள்ளைகளுக்கு அப்போது எட்டு வயதும் ஐந்து வயதும். படகின் அடியில் ஒரு திறப்பு, அதற்குக் குறுக்கே கம்பிகள். அதற்குள்ளால் தண்ணீரை உறிஞ்சி, குழாய்க்குள் சுழலும் இம்பெல்லர் என்ற விசிறி, நொசில் என்ற பின்பக்கக் குறுகிய வாயால் பீய்ச்சியடிக்கும். நொசில் திரும்பும் பக்கத்துக்குப் படகு திரும்பும். பின்னுக்குப் போக வேண்டுமென்றால், நொசில் வாய்க்கு வாளி மாதிரி ஒரு மூடி இறங்கி, தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்ரன் 1950-களில் இந்த முறையை உருப்படியாக்கியது, புரொப்பெல்லர் கல்லில் அடிபடும் ஆழமில்லாத ஆறுகளில் ஓடுவதற்காக. 1960-இல் அவருடைய ஜெட் படகுகள் கிராண்ட் கன்யனுக்குள் கொலராடோ ஆற்றை எதிர்த்தே ஏறின. வேகமாக ஓடும் அப்படியான ஆறுகளில் கல் இருக்கும், பாசிக்காடு நிற்காது. எங்கள் ஏரியில் கதை வேறு.

சிம்கோவின் தெற்கு முனையில் குக்ஸ் பே. கெஸ்விக் பக்கம் படகு இறக்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். ஹொலண்ட் மார்ஷ் மரக்கறித் தோட்டங்களைக் கடந்து வரும் ஆறு, பாசிக்கு உரமாகும் பொஸ்பரசையும் சேர்த்துக்கொண்டு அங்கேதான் விழுகிறது. 1990-களில் ஏரிக்குள் வந்த ஸீப்ரா மஸல் சிப்பிகள் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டன. வெயில் ஆழத்துக்கு இறங்குகிறது, பாசியும் அதோடு ஆழத்துக்கு இறங்கி வளர்கிறது. ஓகஸ்ட் மாதத்தில் மேலே நின்று பார்த்தால் அடியில் ஒரு தோட்டமே தெரியும்.

இரண்டாவது கோடையில், மகளின் பிறந்தநாளன்று, அந்தத் தோட்டத்துக்குள் போய் மாட்டினோம். எஞ்சின் சத்தம் திடீரென்று ஏறியது, படகு ஏறவில்லை. கியர் நழுவிய கார் மாதிரி இரைச்சல் மட்டும். நிறுத்தினேன். பின்மேடையில் பம்புக்கு மேலே ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திறந்து கையை விட்டுக் குப்பையை எடுக்கலாம் என்பது விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட வசதி. திறந்தேன். திறந்த உடனே உள்ளிருந்து தண்ணீர் மேடைக்கு ஏறியது. ஏனென்றால் மூடியின் விளிம்பு நீர்மட்டத்துக்கு நாலு விரல் மேலேதான் இருக்கிறது, பின்பக்கம் ஐந்து பேர் கேக்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்குக் கூட வந்திருந்தவர் மாமா. ஊரில் வல்வெட்டித்துறையில் முப்பது வருடம் வெளி எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் தொழில் செய்தவர். எல்லாரையும் அணியப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், போகச் சொன்னார். பின்பக்கம் ஒரு சாண் எழும்பியது, தண்ணீர் இறங்கியது. தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டேன். இம்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ரைச் சுற்றிப் பாசி கயிறு மாதிரி முறுக்கேறி இறுகியிருந்தது. இழுத்தால் அறுகிறது, சுற்றுக் கழலவில்லை. பின்னர் வீட்டுக் காய்கறிக் கத்தியின் முனையை வளைத்து ஒரு கொக்கி செய்து வைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அது படகில்தான் இருக்கிறது. அன்று கையால் மட்டும் நாற்பது நிமிடம். முழங்கையில் கம்பி கிழித்தது. மாமா பக்கத்தில் குந்தியிருந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, எங்கட எஞ்சின் எண்டால் தூக்கிப்போட்டுச் சாதாளையை ஒரு இழுவையில கழட்டிப்போடலாம். உதுக்குள்ள கை விடுறதுக்குப் பேறுகாலம் பாக்கிற மருத்துவிச்சியெல்லோ வேணும்.”

அந்த வசனம் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வெளி எஞ்சினைத் தண்ணீருக்கு மேலே தூக்கலாம். ஜெட் பம்பைத் தூக்க முடியாது. அப்படியென்றால் பம்பே தன்னைச் சுத்தம் செய்ய வேண்டும். செய்ய முடியாத காரியமும் இல்லை. சீ-டூ கம்பனி, மோட்டார்சைக்கிள் மாதிரி ஏறி ஓட்டும் தன் ஜெட்ஸ்கிகளில் 2022 மாடலிலிருந்து, இம்பெல்லரை எதிர்ப்பக்கம் சுழற்றிக் குப்பையை வெளியே துப்பும் பம்பைக் கொண்டுவந்தது. ஆற்றுப் படகுக்காரர் பலர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, மிதித்தால் அடிக்கம்பிகள் அசைந்து பாசியை விடுவிக்கும் ஒரு மிதிகட்டையைப் பாவிக்கிறார்கள். அதில் கணினியே கிடையாது, ஒரு நெம்புகோல்தான். இரண்டில் ஒன்று எங்கள் மாதிரி குடும்பப் படகிலும் இருந்தால், நீல விளக்குக் குழிகள் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். குறைந்தது அந்த மூடியின் விளிம்பையாவது இன்னும் ஒரு சாண் உயர்த்தலாம்.

அடுத்தது திருப்பம். ஜெட்டில் தண்ணீர் பீய்ச்சினால்தான் படகு திரும்பும்; சுக்கான் என்று தனியாக எதுவும் இல்லை. துறையை நெருங்கும்போது பயந்து, வேகம் கொடுக்கும் த்ரொட்டிலை முழுதாக விட்டீர்களோ, ஸ்ரியரிங் சும்மா ஒரு வட்டம், படகு போன வழியே போகும். முட்டப் போகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் வேகம் கொடுக்க வேண்டும். கார் ஓட்டிய காலுக்கும் கைக்கும் இது நேர் எதிர். என் மனைவி இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரு கோடை எடுத்தது, கூடவே பெற்றோல் துறையின் மரக்கட்டையில் ஒரு கீறலும்.

வாளியைப் பாதி இறக்கி வைத்தால் நடுநிலை என்கிறார்கள். உண்மையில் படகு மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும், ஒருநாள் முன்னுக்கு, ஒருநாள் பக்கவாட்டில், காற்றின் மனநிலையைப் பொறுத்து. கரையிலிருந்து 30 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றர்தான் என்பது ஒன்ராரியோவில் பொதுவான சட்டம். இந்த ஏரிகளை இணைக்கும் ட்ரென்ட்-செவெர்ன் கால்வாய்களிலும் அதே 10. இந்தப் படகு மிக மோசமாக நடந்துகொள்வது சரியாக அந்த வேகத்தில்தான். நாய்க்குட்டியைக் கயிற்றில் பிடித்துப் போவது போல, இடமும் வலமும் இழுத்து இழுத்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

மூன்றாவது கோடையில் நொசிலோடு சேர்ந்து திரும்பும் இரண்டு துடுப்புத் தகடுகளை வெளியில் வாங்கிப் பூட்டினேன். பூட்டி முடிக்க ஒரு பின்னேரம். வித்தியாசம் இரவும் பகலும். த்ரொட்டிலை விட்டாலும் இப்போது கொஞ்சம் சொல் கேட்கிறது. சில கம்பனிகள் இப்போது இப்படியான தகட்டைத் தாங்களே பூட்டிக் கொடுக்கின்றன. இதை விலை கூடிய மாடலுக்கென்று ஒதுக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. புதிதாக ஓட்டப் பழகுகிறவர் வாங்குவது விலை குறைந்த மாடலைத்தானே.

சத்தத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜெட்ஸ்கிக்குச் செய்த எஞ்சினைப் படகில் வைத்தால் அது ஜெட்ஸ்கி மாதிரித்தான் கத்தும். மணிக்கு 45 கிலோமீற்றரில் நிம்மதியாகப் போக எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். கைபேசியில் அளந்து பார்த்தேன், பின் இருக்கையில் 90 டெசிபலைத் தாண்டியது. அதை வெல்லத்தான் ஆறு ஒலிபெருக்கி போலிருக்கிறது. எஞ்சின் மூடிக்கு அடியில் தடித்த ஒலித்தடுப்பு நுரை ஒட்டியதும் கொஞ்சம் அடங்கியது. அந்த நுரையைத் தொழிற்சாலையிலேயே ஒட்டினால் என்ன செலவாகிவிடும் என்று ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் யோசிப்பேன்.

இனி, கண்காட்சியில் யாரும் வாயே திறக்காத விஷயம்: படகைக் கழுவுவதும் பனிக்காலத்துக்கு மூடுவதும். எங்கள் எஞ்சின் ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்கிறது. வீட்டுக்கு வந்ததும் குழாய் பூட்டி உள்ளே கழுவ வேண்டும். அதில் ஒரு ஒழுங்கு உண்டு: முதலில் எஞ்சினை ஸ்ரார்ட் செய்து, பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாறிச் செய்தால், ஓடாமல் நிற்கும் எஞ்சினின் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி எஞ்சினையே கெடுத்துவிடும். இவ்வளவு முக்கியமான காரியத்துக்குக் குழாய் பூட்டும் வாய் எங்கே இருக்கிறது தெரியுமா? எஞ்சின் அறைக்குள், பற்றரிக்குப் பின்னால். தலைகீழாகத் தொங்கி, ஒரு கையால் குழாயைத் திருகிக்கொண்டு, “இப்ப திறவுங்கோ” என்று மனைவிக்குக் கத்த வேண்டும். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு “இப்ப நிப்பாட்டுங்கோ” என்று கேட்ட நாளும் உண்டு. அந்த வாயைப் படகின் பின்பக்க வெளிச்சுவரில் வைத்து, பக்கத்தில் இந்த ஒழுங்கை நாலு வரியில் அச்சடித்து ஒட்டினால் போதும்.

ஒக்ரோபரில் இன்னொரு சுற்று. உள்ளே ஒரு குவளைத் தண்ணீர் மிஞ்சி உறைந்தாலும் எஞ்சின் வெடிக்கலாம் என்ற பயத்தில் எல்லாவற்றையும் வடித்து, உறையாத திரவமான அன்ரிஃப்ரீஸ் ஓட விடுகிறோம். காரில் இருப்பது போல மூடிய சுற்றில் குளிர்விக்கும் ஜெட் எஞ்சின்கள் சந்தையில் இருக்கின்றன. அடுத்த படகு வாங்கினால் நான் முதலில் கேட்பது அதைத்தான், குதிரைவலு எத்தனை என்று அல்ல.

இதோடு சேர்ந்த இன்னொன்று. 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராரியோவில், படகை ரோட்டில் கொண்டு போக முன் வடிகால் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒட்டியிருக்கும் செடி, சிப்பி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம், ஸீப்ரா மஸல் இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாது. ஆனால் ஜெட் பம்புக்குள் பாசி ஒளிந்திருக்க எத்தனை மூலைகள்! ரெயிலரில் ஏற்றிய பிறகு கீழே படுத்து ரோர்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கிறது. பம்பின் அடியில் ஒரு சின்ன வடிகால் திருகு கேட்டால் பேராசையா?

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீரில் எஞ்சினைப் போட்டால் அது மணலையும் உறிஞ்சும். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் இடையே மயிரளவு இடைவெளிதான். மணல் அதை அரித்துவிட்டால் எஞ்சின் கத்தும், உந்துவிசை இராது. நாலாவது கோடையில் அந்த வளையத்தை மாற்றினேன். பிழை என்னுடையது. இருந்தாலும், இடுப்பளவு ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்ரார்ட் செய்ய வேண்டும் என்பதைக் கைநூலின் நடுப்பக்கத்தில் போடாமல் சாவிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கலாம். அந்த இடத்தில் இப்போது ஒரு தொடுதிரை இருக்கிறது. வெயிலில் தெரியாது, ஈர விரலுக்கு அசையாது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கயிறு கட்டும் கொளுக்கிகள் ஒரு பக்கத்துக்கு இரண்டுதான். நடுவில் ஒன்று இல்லாததால் துறையில் படகு தாளம் போடும். குவளைக் குழிகளை எண்ணிப் பார்த்தேன்: பன்னிரண்டு.

குறையே சொல்லிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். அந்தப் பின்மேடை இருக்கை ஒன்றுக்காகவே இந்தப் படகை எனக்குப் பிடிக்கும். தண்ணீரிலிருந்து ஏறி, ஈர உடம்போடு அங்கேயே உட்கார்ந்து, காலை ஏரிக்குள் விட்டுக்கொண்டு சாப்பிடலாம். ஜோர்ஜினா தீவுப் பக்கம் நங்கூரம் போட்டு, அம்மா கட்டித் தந்த புட்டும் மீன்பொரியலும் சாப்பிட்ட மத்தியானங்களுக்கு நான் கணக்கு வைக்கவில்லை. நீந்தும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், நீண்ட தலைமயிர் கட்டியிருக்க வேண்டும், இழுவைக் கயிறு தண்ணீரில் தொங்கக் கூடாது. உறிஞ்சும் வாய்க்கும் இந்த மரியாதை தேவை. மற்றபடி, கத்தி மாதிரி ஒன்று பிள்ளைகளின் கால்பக்கம் சுழலவில்லை என்ற நிம்மதி ஆறு வருடமாக அப்படியே இருக்கிறது. எஞ்சினும் ஒருநாள்கூடக் கைவிடவில்லை. ஒயில், பிளக், ஒரு பற்றரி, அந்த வளையம், அவ்வளவுதான் போட்டது.

போன ஜனவரியில் திரும்பவும் கண்காட்சிக்குப் போனோம், வாங்க அல்ல, பார்க்க. புதிய மாடல் நின்றது. ஒலிபெருக்கி எட்டாகியிருந்தது. நான் கம்பளத்தில் மல்லாந்து படுத்து அடிக்கம்பிகளைப் பார்த்தேன். கம்பிகள் மாறவில்லை. எழும்பிப் பின்மேடை மூடியைத் திறந்து விளிம்பின் உயரத்தை விரலால் அளந்தேன். ஆறு விரல். பழையதைவிட இரண்டு கூட. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றார். விற்பனையாளரிடம், கழுவும் குழாய் எங்கே பூட்டுவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மெக்கானிக்கிடம் கேட்டு வருகிறேன் என்று போனார். நாங்கள் மாமாவுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். பதில் மாமாவிடமிருந்துதான் முதலில் வந்தது: “கை போகுதோ?”