பிள்ளைகளோடு நடக்க: தரங்கம்பாடியா, பூம்புகாரா, கோடியக்கரையா?

டெல்டா கடற்கரையில் குடும்பமாக ஒரு நடை போகலாம் என்றால் பேச்சு இந்த மூன்று ஊரில்தான் வந்து நிற்கும். நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். நிழல் இருக்கிறதா? குழந்தை கால் வலிக்கிறது என்றால் உடனே திரும்ப முடியுமா?

பூம்புகாரை முதலிலேயே தள்ளி வைக்கிறேன், மனசில்லாமல்தான். காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பிள்ளைகள் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் கரையில் மணலும் வெயிலும்தான். அலையின் இழுப்பும் பலமானது, கையை விட முடியாது. கீழையூர் படகுத்துறை, பல்லவனேச்சுரம் புத்த விகாரை என்று பழைய சுவடுகள் தள்ளித்தள்ளி இருப்பதால் வண்டியில் சுற்றுவதே வசதி.

தரங்கம்பாடி அப்படியில்லை. 1792இல் கட்டிய நுழைவாயிலில் இறங்கினால் ராஜவீதி நேராகக் கடலுக்குக் கொண்டு போகும். சமதளத் தெரு, குறைந்த தூரம். பாட்டியும் மெதுவாக வந்துவிடலாம். 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் இந்த வீதியில்தான். கடைசியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை. பக்கத்திலேயே பாண்டியர் கால மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்ட கதையைச் சொன்னால் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். கோட்டை வெட்டவெளி என்பதால் மாலை நாலு மணிக்கு மேல் போவது நல்லது.

ஆனாலும் எட்டு வயதைத் தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் என் ஓட்டு கோடியக்கரைக்கே. 1967இல் அறிவித்த சரணாலயம், 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காலையில் புல்வெளி ஓரமாகப் போனால் வெளிமான் கூட்டத்தைப் பார்க்கலாம். முறுக்குக் கொம்போடு கருத்த கலைமான் தலைநிமிர்ந்து நிற்பதை ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்கவே மறக்காது. சத்தம் போட்டால் ஓடிவிடும். அதனாலேயே அங்கே பிள்ளைகள் தாமாகக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். காட்டுக்குதிரைகளும் உண்டு, கிட்டே போகக் கூடாது. சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் ராமர் பாதம் மேட்டில் ஏறினாலே காடு கண்ணில் விரியும். 2018 கஜா புயல் இந்தக் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

குறை என்னவென்றால், இடத்துக்கு இடம் தூரம் அதிகம். வண்டியை வைத்துக்கொண்டு, வனத்துறை அனுமதிக்கும் இடங்களில் மட்டும் இறங்கி நடக்க வேண்டும். கைக்குழந்தையோடு இது சரிப்படாது.

கோடியக்கரைக்கு எப்போது போகலாம்? ஐப்பசி, கார்த்திகையில் வலசைப் பறவைகள் வந்துவிடும், ஆனால் அடைமழையில் சேறு காலை வாரும். பொங்கல் விடுமுறைதான் தோது: மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், பூநாரைகளும் இருக்கும். தண்ணீரையும் தின்பண்டத்தையும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள், குரங்குகள் பறித்துவிடும்.