காஸினோடிஸ்கஸ் வெய்லெசியையும் என் நுண்ணோக்கியும்: ஆறாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடல் மிதவை டயாட்டம்களை, அதாவது சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசிகளை, பார்ப்பதற்கென்றே ஆறு ஆண்டுகளாக ஒரு சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியைப் பயன்படுத்தி வருகிறேன். அதன் முன் நான் உட்கார்ந்த நேரத்தில் பாதிக்கு மேல் காஸினோடிஸ்கஸ் வெய்லெசியை என்னும் ஒரே இனத்துக்குப் போயிருக்கிறது. வாங்கும்போது கூடுதல் செலவு செய்தது 100 மடங்கு எண்ணெய் லென்ஸுக்கும் (முனைக்கும் கண்ணாடிக்கும் இடையே எண்ணெய்த் துளி வைத்துப் பார்ப்பது), நிறமற்ற பொருளையும் வேறுபடுத்திக் காட்டும் கட்ட வேறுபாட்டு (phase contrast) வசதிக்கும்தான். இந்த இனத்தைப் பொறுத்தவரை மிகக் குறைவாக உழைத்தவையும் அவை இரண்டுமே.

காரணம் செல்லின் வடிவத்தில் இருக்கிறது. தாளில் வட்டமாக வரையப்படுவதால் பலரும் இதை ஒரு நாணயம் என்றே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இது ஒரு முரசு: மேலும் கீழும் ஒவ்வொரு மூடி, நடுவில் பக்கச்சுவராக இடுப்புப்பட்டை. விட்டம் ஏறத்தாழ 175 முதல் 500 மைக்ரோமீட்டர் வரை இருக்க, உயரமும் பல செல்களில் விட்டத்துக்கு இணையாக வந்துவிடும். எண்ணெய் லென்ஸின் முனைக்கும் பொருளுக்கும் இடையில் கிடைக்கும் தூரம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாததால், அடிமூடியைக் குவியத்துக்குக் கொண்டுவர முயன்றால் கவர் ஸ்லிப் அழுந்திச் செல் நொறுங்குகிறது. முதல் ஆண்டில் அப்படி நொறுக்கியவற்றுக்குக் கணக்கில்லை. கட்ட வேறுபாடோ, இவ்வளவு தடித்த பொருளைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் போட்டு விளிம்பையே மறைத்துவிடுகிறது. சாதாரண ஒளியில் மேடைக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் துளையைப் பாதிக்குக் குறைத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

உழைத்தது 20 மடங்கு லென்ஸ். வெய்லெசியையின் மூடியில் 10 மைக்ரோமீட்டர் நீளத்துக்குள் 5 அல்லது 6 அரியோலாக்கள், அதாவது ஓட்டின் சல்லடைக் கண்கள், அமைகின்றன. ஒன்றுக்கொன்று இடைவெளி இரண்டு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எண்துளை (லென்ஸ் ஒளியை வாங்கும் திறனின் அளவு) 0.40 கொண்ட இந்த லென்ஸ் பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.7 மைக்ரோமீட்டர் வரை பிரித்துக் காட்டும் என்பதால், இந்தக் கண்களை எண்ணுவதற்கு எண்ணெயே தேவைப்படுவதில்லை. மூடியின் நடுவில் கண்களற்ற, ஒழுங்கற்ற வெற்றிடம் ஒன்றும், அதிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் வெறுங்கோடுகளும் தெரியும். இதே பேரினத்தைச் சேர்ந்த கிரானியை என்னும் இனத்தில் இதே இடத்தில் பெரிய கண்கள் ரோஜா இதழ்போல் கூடியிருக்கும்.

ஆனாலும் நான் பெயரை முடிவு செய்வது மூடியைப் பார்த்தல்ல, செல்லைப் பக்கவாட்டில் புரட்டிய பிறகுதான். ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள செட்ஜ்விக்-ராஃப்டர் எண்ணறையில் மாதிரியை ஊற்றி, மேல் கண்ணாடியின் ஓரத்தை ஊசியால் மெல்லத் தட்டினால் செல்கள் உருளும். இடுப்புப்பட்டை கண்ணுக்கு நேராக வரும் அந்த ஓரிரு நொடிகளில் வெய்லெசியை ஏறக்குறைய செவ்வகமாக நிற்கும்: மூடி தட்டையாகச் சென்று, விளிம்பில் செங்கோணமாக மடிந்து இறங்கும். கிரானியை ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்த ஆப்பு. இதே பேரினத்தின் கான்சின்னஸ் மெல்ல வளைந்த குவிமாடம்; அதன் கண்களும் இன்னும் நுண்ணியவை. இன்னொரு இனமான ரேடியேட்டஸ்தான் உண்மையில் நாணயம். விட்டத்தை மட்டும் நம்பிப் பெயர் வைப்பவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. டயாட்டம் பிரியும்போது புதிய மூடி பழைய மூடிக்கு உள்ளே உருவாவதால் தலைமுறைதோறும் விட்டம் சுருங்கி, ஆக்சோஸ்போர் என்னும் பெரிதாக வளரும் சிறப்புச் செல் உருவாகும்போதுதான் மீள்கிறது.

நிரந்தர ஸ்லைடு செய்வதில் ஒரு பாடம் கற்றேன். கடல்நீரை முழுமையாகக் கழுவாமல் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டதால், கால்சியம் ஜிப்சமாகப் படிந்து, ஓடுகளுக்கிடையே ஊசி ஊசியாக நின்றது. இரண்டு நாள்கள் அவற்றைக் கீட்டோசெரஸ் என்னும் முள்ளுள்ள டயாட்டத்தின் முட்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவிய பிறகே அமிலத்தைத் தொடுகிறேன். ஒளிவிலகல் எண் 1.7க்கு மேலுள்ள நாஃப்ராக்ஸ் என்னும் பிசினில் பதித்தால் சிலிக்கா ஓடு பளிச்சென்று எழுந்து வருகிறது. ஆனால் முரசு மூடிகளாகவும் பட்டைகளாகவும் பிரிந்துவிடுவதால், பக்கத்தோற்றம் என்ற சான்று அங்கே அழிந்துபோகிறது. ஆகவே அமிலத்துக்கு முன்பே பக்கவாட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இத்தனை கவனம் மிகையல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் மிதவை டயாட்டம்களை ஆராய்ந்த கிரானும் ஆங்ஸ்டும் 1931இல் இந்த இனத்தை விவரித்திருந்தார்கள். 1977இல் பிளைமவுத்தை ஒட்டிய ஆங்கிலக் கால்வாயில் மீன்வலைகளைக் கோழை அடைத்தபோது, அதற்குக் காரணமான டயாட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் காஸினோடிஸ்கஸ் நோபிலிஸ். அது வெய்லெசியைதான் என்று பின்னரே திருத்தினார்கள்.

விளிம்பில் உள்ள ரிமோபோர்டுலாக்களின், அதாவது ஓட்டை ஊடுருவும் உதடு போன்ற நுண்குழாய்களின், வளையங்களை என் கருவியில் புள்ளிகளாக ஊகிக்க மட்டுமே முடிகிறது. அவற்றின் உதட்டு வடிவத்துக்கு அலகிடு எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வேண்டும். எண்ணெய் லென்ஸை இப்போது சுத்தம் செய்த தலாசியோசைரா என்னும் வேறொரு டயாட்டப் பேரினத்தின் ஓடுகளுக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிறேன்.