டூயல் ஸ்போர்ட் வண்டிக்குச் சாலை டயர்: 80/20 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தாரிலும் மண்ணிலும் ஓட்டவென்று செய்த டூயல் ஸ்போர்ட் பைக் வாங்கும்போது எல்லாருடைய மனத்திலும் ஓடுவது காட்டுப் பாதையும் ஆற்று மணலும்தான். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் ஓடியதில் பெரும்பங்கு தார்ச்சாலை. என் கதையும் அதேதான். வண்டியோடு வந்த பட்டன் டயரின் (பட்டன் போல ரப்பர் கட்டைகள் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் மண்பாதை டயர்) நடுப்பகுதி தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. ஓரத்துப் பட்டன்களில் மட்டும், வார்ப்பில் வந்த மெல்லிய ரப்பர் முடிகள் புதுசு போலவே நீட்டிக்கொண்டிருந்தன. நான் எங்கே ஓட்டினேன் என்பதற்கு அந்த டயரே சாட்சி.

அடுத்த ஜோடி சாலைப் பக்கம் சாய்ந்ததாக இருக்கட்டும் என்று முடிவு செய்து தேட ஆரம்பித்தால் 90/10, 80/20, 70/30, 50/50 என்று எண்களாக வந்து நிற்கும். முதல் எண் தார், இரண்டாவது மண். இந்த எண்களை அளந்து சான்று கொடுக்கும் பொது அமைப்பு எதுவும் கிடையாது. டயர் செய்பவர் தன் பொருளுக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் இது. ஒருவரின் 80/20 டயரையும் இன்னொருவரின் 70/30 டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எது என்று சொல்ல முடியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த எண் எவ்வளவு தூரம் மண் என்று சொல்கிறது, எந்த மாதிரி மண் என்று சொல்வதில்லை. உங்களுடைய 10 சதவீதம் காய்ந்த சரளைப் பாதை என்றால் 90/10 டயரே தாராளம். அதே 10 சதவீதம் மழையில் ஊறிய களிமண் இறக்கம் என்றால், மீதி 90 சதவீதத்தில் அந்த டயர் எவ்வளவு அருமையாக ஓடியிருந்தாலும் அந்த இறக்கத்தில் வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அதனால் எங்கே அதிகம் ஓட்டுகிறேன் என்பதைவிட எங்கே விழப் பயப்படுகிறேன் என்று கேட்டுத்தான் கீழே உள்ளவற்றை ஒப்பிட்டிருக்கிறேன்.

அதற்கு முன் ரிம்மைப் பார்த்துவிடுவோம். பாதித் தேர்வை அதுவே செய்து முடித்துவிடும். முன்னால் 21 அங்குலம் என்றால் கவலையில்லை. நெடும்பயணத்துக்கான பெரிய அட்வென்சர் வண்டிகள் பலவும் 90/90-21 அளவையே (இது தார்-மண் கணக்கு இல்லை: அகலம் 90 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 21 அங்குலம்) போடுவதால், சாலை டயர் செய்பவர்கள் பலரும் இந்த அளவில் செய்கிறார்கள். உங்கள் வண்டியில் 80/100-21 இருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதன் மொத்த உயரம் ஏறத்தாழ 693 மி.மீ., 90/90-21 டயரின் உயரம் 695 மி.மீ. உயரத்தில் இரண்டும் ஒன்றுதான். ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். சிக்கல் பின்னால். 17 அங்குல ரிம் என்றால் சாலை டயர்கள் வரிசைகட்டி நிற்கும். 18 அங்குலம் காட்டுப் பாதைக்கென்றே செய்த எண்டியூரோ வண்டிகளின் அளவு. பட்டன் டயர் வேண்டிய மட்டும் கிடைக்கும், ஒல்லியான அகலத்தில் சாலை டயர் தேடினால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். அகலமானதை வாங்கி ஒல்லி ரிம்மில் திணித்தால் டயரின் முதுகு கூம்பிப் போகும், வளைவில் வண்டி சாயும் விதமே மாறிவிடும். அந்த வேலை வேண்டாம்.

சரி, டயர்களுக்கு வருவோம்.

ஒரு கோடியில் இருப்பவை பார்த்தாலே சாலை டயர் என்று தெரிபவை: மெட்ஸெலர் டூரன்ஸ், பிரெல்லி ஸ்கார்ப்பியன் டிரெயில் 2 போன்றவை. ஆழம் குறைந்த கோடுகள், மீதியெல்லாம் முழு ரப்பர். ஈரச் சாலையில் இவற்றின் அருமை தெரியும். பட்டன் டயரில் ஒருமுறை மழை நேரத்தில் சிக்னலுக்கு முன் பிரேக் பிடித்தேன். வெள்ளைக் கோட்டின் மேல் முன் சக்கரம் ஏறியதும் பட்டன்கள் ஒவ்வொன்றாக மடங்கி நழுவுவது ஹேண்டில்பாரில் விரல் நுனிவரை தெரிந்தது. விழவில்லை, ஆனால் வீடு வந்து சேரும்வரை தோள்பட்டை இறுகியே இருந்தது. தரையைத் தொடும் ரப்பர் பரப்பு குறைவு, தொடும் கட்டைகளும் உயரமாக இருப்பதால் வளைந்துகொடுக்கும். பட்டன் டயர் தாரில் தடுமாறுவதன் காரணம் இவ்வளவுதான். இந்த வகைச் சாலை டயரில் அந்தக் கூத்து இல்லை. கெட்டியான மண்பாதை, மெல்லிய சரளை என்றால் நிதானமாகப் போய் வந்துவிடலாம். தளர்ந்த ஜல்லியில் முன் சக்கரம் மிதக்கும்.

ஆனால் லேசான வண்டிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த டயர்கள் பெரும்பாலும் பெரிய வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். 249 கிலோ, ஹோண்டா சி.ஆர்.எஃப். 300 எல் 142 கிலோ. பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 54 என்றால் 212 கிலோ தாங்கும், 69 என்றால் 325 கிலோ. கனத்தைத் தாங்கக் கட்டிய உடல் லேசான வண்டிக்கு அடியில் சரியாக வளையாது. வளையாத டயர் சூடாகாது, சூடாகாத டயர் பிடிக்காது. போதாக்குறைக்குச் சக்கரத்தின் எடை வேறு கூடும். எவ்வளவு பெரிய வண்டிக்கான டயரோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

அடுத்து 80/20 கூட்டம். மிஷெலின் அனாகீ அட்வென்சர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது, ஷிங்கோ 705-ம் அப்படியே. (ஷிங்கோ புதுக் கம்பெனி என்று நினைப்பவர்களுக்கு: யோகோஹாமாவின் மோட்டார் சைக்கிள் டயர் அச்சுகளையும் தொழில்நுட்பத்தையும் 1998-ல் வாங்கியவர்கள் இவர்கள்.) பெரிய கட்டைகள், நடுவே நெருக்கம், ஓரத்துக்குப் போகப் போக இடைவெளி. நிமிர்ந்து ஓடும்போது சாலை டயர், மண்ணில் லேசாகப் புதையும்போது ஓரக் கட்டைகள் கைகொடுக்கும். அனாகீ அட்வென்சரின் பின் டயரில் நடுவில் ஒரு ரப்பர் கலவை, ஓரத்தில் வேறு கலவை. நீண்ட தூரம் நேராக ஓடுபவர்களுக்கு நடுப்பகுதி சீக்கிரம் தட்டையாகாமல் இருக்க இது உதவும். ஷிங்கோ விலையில் இறங்கி நிற்கும் ரகம். பெரும்பாலும் தார், நடுநடுவே மண் என்று இருப்பவர்கள் யோசிக்காமல் இந்த வகையிலேயே நின்றுவிடலாம்.

பிரெல்லி எம்.டி. 60 இதற்குப் பக்கத்து வீடு. கட்டைகள் பெரிது, இடைவெளி குறுகல். பார்க்க முரட்டு டயர், ஓட்டும்போது சாலை டயர். டுகாட்டி ஸ்க்ராம்ப்ளரில் இதன் ஆர்.எஸ். வகை தொழிற்சாலையிலேயே மாட்டி வந்தது என்பதே இது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடும்.

சேற்றைப் பொறுத்தவரை மேலே சொன்ன எதையும் எதோடும் ஒப்பிடுவது வீண். எல்லாவற்றிலும் இடைவெளி அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு சக்கரத்தில் இருப்பது டயர் இல்லை, மண்ணுருண்டை.

நடுவில் தொடர்ச்சியான ரப்பர் பட்டை ஓடும் பின் டயர்கள் தனி இனம். ஹைடனாவ் கே 60 ஸ்கவுட்டின் சில பின் அளவுகளிலும், கான்டினென்டல் டி.கே.சி. 70-ன் பின் டயரிலும் இதைப் பார்க்கலாம். கட்டைகள் தனித்தனியாக ஆடாமல் பட்டை பிடித்துக்கொள்வதால் நேர் ஓட்டத்தில் நிதானம், தேய்மானமும் மெதுவாக. கே 60 பெயர் வாங்கியதே நீண்ட உழைப்புக்காகத்தான். எனக்கு இந்த இனத்தின் மேல் முழு மனதில்லை. ஏற்றத்தில் தளர்ந்த மண் வந்தால், மண்ணைக் குறுக்கே கவ்வ வேண்டிய இடத்தில் வழவழப்பான பட்டை இருக்கிறது. டி.கே.சி. 70-ல் பட்டை இல்லாத ‘ராக்ஸ்’ என்ற பின் டயரையும் கான்டினென்டலே தனியாகச் செய்கிறது; காரணத்தை ஊகிக்கக் கஷ்டமில்லை. நெடுந்தூரம் மூட்டை முடிச்சோடு போகிறவர் பட்டை வகையை எடுக்கட்டும், தப்பில்லை.

மறுகோடியில் மீடாஸ் இ-07. வி வடிவக் கட்டைகள், அரைக்கு அரை ரகம். சாலை டயர் தேடுபவர் இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், பட்டன் டயரை விட முடியாதவருக்கு இது ஒரு சமரசம். இதன் ‘டக்கார்’ வகைக்கு உடல் இன்னும் கெட்டி. லேசான வண்டிக்கு அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கெட்டி டயர் பற்றி இன்னொன்று. ஸ்போக் ரிம், உள்ளே டியூப் என்றால் வழியில் பஞ்சர் ஆகும்போது கழற்றப்போவது நீங்கள்தான். தடித்த பக்கச்சுவர் கொண்ட டயரின் பீடிங்கை (ரிம்மைக் கவ்வியிருக்கும் விளிம்பு) ரிம்மிலிருந்து இறக்குவதற்குள் வெறுத்துப்போகும். கடைசிச் சில அங்குலத்தை லீவரால் நெம்பி உள்ளே தள்ளும்போது, மாற்றிய புது டியூபையே கடித்து ஓட்டையாக்குவதும் நடக்கும். வாங்கும் முன் பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நடுரோட்டில் உட்கார்ந்து நெம்பும் காட்சி தானாகவே கண்முன் வரும்.

முன்னும் பின்னும் ஒரே டயர்தான் போட வேண்டுமா? பின் சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் சறுக்கினால் யோசிக்கவே நேரமிருக்காது. அதனால் முன்னால் கொஞ்சம் முரடு, பின்னால் சாலை டயர் என்று கலந்து போடும் வழக்கம் உண்டு. சேறும் மணலும் அடிக்கடி வருகிறவர்களுக்கு அது சரி. ஆனால் தாரில் பிரேக்கின் பெரும்பங்கு முன் சக்கரத்தின் தலையில்தான். ஈரச் சாலையில் விழப் பயப்படுகிறவர் முன்னால் முரட்டு டயரைப் போட்டுக்கொள்வது, பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்ப்பது போல. நான் முன்னும் பின்னும் 80/20 பக்கமே நின்றேன்.

17 அங்குலச் சக்கரங்களை மாட்டி சூப்பர்மோட்டோ (சாலைச் சக்கரம் போட்ட மண் வண்டி) ஆக்கிவிடலாமே என்பவர்களும் உண்டு. 120/70-17 முன் டயரின் உயரம் ஏறத்தாழ 600 மி.மீ.தான், 21 அங்குலச் சக்கரத்தைவிட 95 மி.மீ. குறைவு, அதாவது வண்டியின் முன்பக்கம் கிட்டத்தட்ட 5 செ.மீ. தாழும். பின்பக்கம் அந்த அளவு தாழாது என்பதால் ஹேண்டில் படபடப்பாகிவிடும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். அது டயர் மாற்றம் இல்லை, வண்டி மாற்றம்.

காற்றையும் சொல்லிவிட வேண்டும். மண்ணில் இறங்கும்போது சாலை அழுத்தத்திலிருந்து 6, 7 பி.எஸ்.ஐ. குறைத்தாலே 80/20 டயர் இன்னொரு டயர் போல நடந்துகொள்ளும். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு பக்கமும் கிழியும். திரும்பத் தாருக்கு ஏறியதும் அடித்துக்கொள்ளக் கையில் பம்பு இருந்தால் மட்டும் இறக்குங்கள்.

இப்போது என் வண்டியில் இரு பக்கமும் ஷிங்கோ 705. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பார்த்துத்தான் வாங்கினேன். 3523 என்றிருந்தால் 2023-ன் 35-வது வாரம் செய்தது. மழையில் அதே சிக்னலில், அதே வெள்ளைக் கோட்டின் மேல் பிரேக் பிடித்துப் பார்த்தாகிவிட்டது. விரலுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. களிமண் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.