சென்ஜுட்சு: ரசிகர்கள் கைக்காசு போட்டு ஏற்றிவைத்த மூன்றாம் இடம்

பிரிட்டனின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனின் 17-வது ஸ்டூடியோ ஆல்பமான ‘சென்ஜுட்சு’ 2021 செப்டம்பர் 3 அன்று வெளிவந்தது. பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 82 நிமிடங்கள், இரண்டு சிடிகள். கைபேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது இதை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்று பெரம்பூர், அயனாவரம் பக்கத்து நண்பர்கள் இன்றும் கேட்கிறார்கள். வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் அதற்கான நியாயம் முதல் சிடியைவிட இரண்டாவது சிடியில்தான் அதிகம் இருக்கிறது.

வெளியான வாரத்தில் இந்த ஆல்பம் அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. 1975-ல் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் கிழக்கு லண்டனில் தொடங்கிய குழு, 46 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் எட்டிய மிக உயர்ந்த இடம் அது. 2010-லும் 2015-லும் வந்த இரண்டு ஆல்பங்களும் நான்காம் இடத்தோடு நின்றிருந்தன. முன்னால் இருந்த இருவர் ராப் பாடகர்களான டிரேக், கான்யே வெஸ்ட். அந்தப் பட்டியலின் அப்போதைய விதிப்படி, சந்தா கட்டுபவர்கள் ஓர் ஆல்பத்தின் பாடல்களை இணையத்தில் 1,250 முறை கேட்டால், அது ஒரு பிரதி விற்றதற்குச் சமமாகக் கணக்கிடப்படும். மற்ற இருவரையும் மேலே கொண்டுபோனதில் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. மெய்டனுக்கு அந்த வாரம் கிடைத்த 64,000 அலகுகளில் (விற்ற பிரதிகளும் இணையக் கேட்பும் சேர்ந்த கணக்கு) 61,000 நேரடியாகக் காசு கொடுத்து வாங்கப்பட்ட பிரதிகள். ஒரு பாட்டைக்கூடக் கேட்டுப் பார்க்காமல் முன்கூட்டியே பதிவு செய்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

இது அந்தக் குழுவுக்குப் புதிதல்ல. 1990 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர்கள் வெளியிட்ட ஒரு சிங்கிள் (தனியாக வெளிவரும் பாட்டு), வானொலியின் ஆதரவு பெரிதாக இல்லாமலேயே, 1991 ஜனவரியில் பிரிட்டனின் முதலிடத்துக்கு வந்தது. வெவ்வேறு வடிவங்களில் வந்த அதே பாட்டை ரசிகர்கள் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார்கள். இத்தகைய குழுக்களின் ஆல்பங்கள் முதல் வாரம் உச்சிக்குப் போய், அடுத்த வாரமே சறுக்கிவிடுவதும் இதனால்தான். வாங்க வேண்டியவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். ஆகவே, பட்டியலில் பிடித்த இடத்தை ஆல்பத்தின் தரத்துக்கான சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அது ரசிகர்கள் வைத்த நம்பிக்கையின் அளவு மட்டுமே, அந்த நம்பிக்கைக்கு ஆல்பம் ஈடாக நிற்கிறதா என்பதைக் காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அந்த நம்பிக்கையிலும் எங்கள் பக்கத்தினுடைய பங்கு எந்தப் பட்டியலிலும் ஏறியதில்லை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வளர்த்த மேற்கத்திய இசை ரசனையும், தேவாலய இசைக்குழுக்களில் ட்ரம்ஸும் கிட்டாரும் பழகிய பிள்ளைகளின் ஆர்வமும் சேர்ந்துதான் இந்த இசை எங்களிடம் வந்து சேர்ந்தது. அது வந்த வடிவமோ பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டும், அதிலிருந்து எடுத்த பிரதியும், அந்தப் பிரதியிலிருந்து எடுத்த இன்னொரு பிரதியும்தான். உயர்ந்த சுரங்கள் எல்லாம் தேய்ந்துபோன அந்த நாடாக்களில் வரி வரியாகப் பாட்டை மனப்பாடம் செய்தவர்கள், 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அந்தக் குழு முதல்முறையாக இந்தியாவில் மேடையேறியபோது பெரம்பூரிலிருந்து ரயிலேறிப் போனார்கள். அவர்களுடைய ஈடுபாடு காசு கொடுத்து வாங்கிய எவருடையதற்கும் குறைந்ததல்ல என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி ஆல்பத்துக்கு வருகிறேன். தலைப்புப் பாடல் கனத்த முரசடியுடன் தொடங்கி, அவசரமே இல்லாமல் நகர்கிறது. ஒரு ஆல்பத்தைத் திறக்க அவர்கள் வழக்கமாக வைக்கும் வேகப் பாட்டு இல்லை என்பதே நல்ல துணிச்சல். ‘தி ரைட்டிங் ஆன் தி வால்’ பாடலில் ஏட்ரியன் ஸ்மித் வாசிக்கும் நீண்ட கிட்டார்த் தனி வாசிப்பு, இந்தக் குழுவின் பிற்காலப் பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அதற்குப் பின் முதல் சிடி சற்றுத் தொய்கிறது. ‘லாஸ்ட் இன் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஒன்பதரை நிமிடம் ஓடுகிறது, ஆறு நிமிடத்தில் முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாவது சிடி அலையோசையும் கடற்பறவைகளின் கூவலுமாகத் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து சர்ச்சிலை நினைத்து எழுதப்பட்ட ‘டார்க்கஸ்ட் ஹவர்’ அது. காசிமேடு பக்கம் வீடுள்ளவர்கள் மாலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் எது பாட்டில் உள்ள கடல், எது வெளியே உள்ள கடல் என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். அடுத்த மூன்று பாடல்களும் ஹாரிஸ் தனியாக எழுதியவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மேல். இறுதிப் பாடலான ‘ஹெல் ஆன் எர்த்’ தணிந்த கிட்டார் வாசிப்பில் ஏறத்தாழ இரண்டு நிமிடம் நம்மைக் காத்திருக்க வைத்து, அதன் பிறகு குதிரைப் பாய்ச்சலில் இறங்குகிறது. தொகுப்பின் மிகச் சிறந்த பாடல் இதுதான். 2015-ல் நாக்கடியில் இருந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்ட பாடகர் புரூஸ் டிக்கின்சன், 2019-ல் பாரிஸில் நடந்த இந்தப் பதிவின்போது அறுபதைத் தாண்டியிருந்தார். குரலின் முனை மழுங்கியிருக்கிறது, ஆனால் அதன் கனம் கூடியிருக்கிறது.

ஒலிப்பதிவின் மீது எனக்குக் குறை உண்டு. மூன்று கிட்டார்களும் தனித்தனியே காதில் விழ வேண்டிய இடங்களில் கீபோர்டு ஒரு போர்வையாக மேலே விழுந்து அவற்றை மூடிவிடுகிறது. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் இது இன்னும் மோசமாகிறது, ஹாரிஸின் பேஸ் கிட்டார் அறவே காணாமல் போகிறது. சிடியை நல்ல ஹெட்ஃபோனிலோ பழைய பெரிய ஸ்பீக்கரிலோ கேட்கும்போது அந்தக் குறை பாதியாகக் குறைகிறது. வாங்கச் சொல்வதற்கு அதுவே முதல் காரணம். சாமுராய் உடையில் குழுவின் சின்னமான எடி என்ற பூதம் நிற்கும் அட்டைப் படமும் கைபேசித் திரைக்கு அடங்குவதல்ல.

இந்தக் குழுவை இதுவரை கேட்டிராதவர்கள் இங்கிருந்து தொடங்க வேண்டாம்; 1982-ல் வந்த ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ அதற்குப் பொருத்தமானது. ஏற்கெனவே பழகியவர்கள் இரண்டாவது சிடியை முதலில் போடட்டும்.