பிராண்டிவைனா, செரோக்கி பர்ப்பிளா?

இரண்டுமே வட்டமாக நறுக்கித் தின்ன ஏற்ற பாரம்பரியத் தக்காளிகள். ஆள் உயரம் தாண்டி வளரும், ஊன்றுகோல் கட்டாயம். பிராண்டிவைன் நாற்றை இலையை வைத்தே சொல்லிவிடலாம்: ஓரத்தில் பல் இல்லாமல், உருளைக்கிழங்கு இலை மாதிரி இருக்கும். ருசியில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் நாற்று நட்டபின் சுமார் 90 நாள் ஆகும், காய்ப்பிலும் கஞ்சம். செரோக்கி பர்ப்பிள் சுமார் 80 நாளில் பழுக்கும், காய்ப்பும் கூடுதல். முதல் தடவை விதைப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். மங்கிய ஊதா நிறம், காம்பருகே பச்சை. முழுச் சிவப்பாகட்டும் என்று விட்டால் குழைந்துபோகும்.

அப்புறம், விதை எடுப்பது. பிராண்டிவைன் பூவில் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) சற்று வெளியே நீண்டிருப்பதால் பக்கத்துச் செடியின் மகரந்தம் எளிதில் கலந்துவிடும். பூ விரியுமுன் மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள்.